திருடுபோன மடிக்கணினியும் திருட்டுப் பட்டமும்: தேடலுக்கான சட்ட வழி

விடுதி அறையிலிருந்தோ இரவுப் பேருந்திலிருந்தோ ஒரு மடிக்கணினி திருடுபோவது காவல் நிலையத்தின் கணக்கில் மிகச் சிறிய குற்றம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழைந்த ஒரு மாணவிக்கோ அது ஓராண்டு உழைப்பின் இழப்பு. ஆய்வேட்டின் வரைவு, கள ஆய்வின் ஒலிப்பதிவுகள், கல்வி உதவித்தொகைக்காக வைத்திருந்த சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் நகல்கள் என அனைத்தும் அந்த ஒரே கருவிக்குள் இருக்கின்றன. வன்கொடுமை வழக்குகளில் பணியாற்றும் செயற்பாட்டாளரின் கணினி என்றால், பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலங்களும் சாட்சிகளின் முகவரிகளும் அந்நியர் கைக்குப் போய்விடுகின்றன.

தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது, நம் குடியிருப்புகளில் பல வீடுகளுக்குள் முதல் கணினி நுழைந்தது. அடுத்த மாதச் சம்பளத்தில் வேறொன்று வாங்கிக்கொள்ளும் வசதி அந்த வீடுகளுக்கு இல்லை. எனவே திருடுபோன கருவியை மீட்பது நமக்கு வெறும் பொருளை மீட்பது அன்று.

சட்ட உதவி கேட்டு எங்களிடம் வருவோரிடம் இரண்டு நம்பிக்கைகளைக் காண்கிறோம். சைபர் குற்றப் பிரிவு நினைத்தால் கருவி இருக்கும் வீட்டை நொடியில் சொல்லிவிடும் என்பது முதலாவது. காவல் நிலையத்திற்குப் போவது வீண், நாமே தேடிப் பிடித்துவிடலாம் என்பது இரண்டாவது. இரண்டும் பிழையானவை. தொழில்நுட்பம் ஒரு தடயத்தை மட்டுமே தரும். அத்தடயத்தை முகவரியாக மாற்றும் அதிகாரம் சட்டப்படியான புலனாய்வுக்கே உண்டு. அந்தப் புலனாய்வு முதல் தகவல் அறிக்கையில் தொடங்குகிறது. பொருளை இழந்தவருக்கும், திருட்டுப் பழி சுமத்தப்படக்கூடிய ஏழைக்கும் ஒரே நேரத்தில் காப்பாக நிற்கும் ஆவணம் அது ஒன்றே.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

வேறொரு கருவியிலிருந்து உங்கள் கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளைத் திறந்து, அவற்றோடு இணைந்த கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். திருடுபோன கணினி கடைசியாக எப்போது, எந்த ஊரிலிருந்து இணைந்தது என்ற குறிப்பு அங்கே இருக்கலாம். அதைத் தேதியும் நேரமும் தெரியும்படி முதலில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னரே கடவுச்சொற்களை மாற்றி, பிற கருவிகளிலிருந்து வெளியேறுங்கள். பதற்றத்தில் பலர் கருவியையே கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். அவ்வாறு நீக்கினால், பின்னர் அது இணையத்தில் இணைந்தாலும் நமக்குத் தெரிய வராது.

அதே நாளில் விடுதிக் காப்பாளருக்கோ கடைக்காரருக்கோ, கண்காணிப்புக் கேமராப் பதிவை அழியாமல் பாதுகாக்கும்படி எழுத்து மூலம் கோருங்கள். இப்பதிவுகள் சில நாள்களிலோ சில வாரங்களிலோ தாமாகவே மேலெழுதப்பட்டுவிடும். மென்பொருள் தடயத்தைக் காட்டிலும் ஒரு நுழைவாயில் கேமராவின் பத்து நிமிடப் பதிவே பல வழக்குகளில் உறுதியான சான்றாக அமையும்.

செயற்பாட்டாளர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. அக்கணினியில் யாருடைய வாக்குமூலமும் முகவரியும் இருந்தனவோ, அவர்களுக்கு உடனே செய்தி சொல்ல வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டோரும் சாட்சிகளும் பாதுகாப்புக் கோரும் உரிமையை வழங்குகிறது. தங்கள் விவரங்கள் வெளியே போய்விட்டன என்று தெரிந்தால்தான் அவர்களால் அவ்வுரிமையைப் பயன்படுத்த முடியும்.

தொழில்நுட்பம் எதுவரை கைகொடுக்கும்

கைப்பேசியைத் தேடும் முறையை அப்படியே மடிக்கணினிக்குப் பொருத்த முடியாது. கைப்பேசிக்கு ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளம் அவ்வெண்ணைக் கொண்டு எல்லா வலையமைப்புகளிலும் அதை முடக்குகிறது. சிம் பொருத்தும் வசதியுள்ள சிலவற்றைத் தவிர, மடிக்கணினிகளுக்கு அவ்வெண் கிடையாது. அதற்கு இருக்கும் அடையாளம் தயாரிப்பாளர் தந்த சீரியல் எண் மட்டுமே. அது கருவியின் அடிப்பகுதியிலும், வாங்கிய பெட்டியிலும், பெரும்பாலும் பற்றுச்சீட்டிலும் இருக்கும். வன்வட்டை முழுதும் அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவினாலும், தாய்ப்பலகையில் பதிந்த அந்த எண் பொதுவாக அழிவதில்லை. எனவே அந்த எண்ணை அறியாதவரின் புகார், பதிவெண் இல்லாத வண்டியைத் தேடச் சொல்வதைப் போன்றது.

விண்டோஸ், ஆப்பிள் கணினிகளில் கருவியைக் கண்டறியும் வசதி உண்டு. அது திருட்டுக்கு முன்பே இயக்கப்பட்டிருக்க வேண்டும். கருவி மீண்டும் இணையத்தில் இணையவும் வேண்டும். அப்போதும் அது காட்டுவது ஒரு வீட்டையன்று, சுற்றியுள்ள வைஃபை இணைப்புகளை வைத்துக் கணித்த ஒரு வட்டத்தை. நெருக்கமான குடியிருப்பில் அவ்வட்டத்திற்குள் பல வீடுகள் அடங்கிவிடும்.

ஐ.பி. முகவரியும் அப்படித்தான். அதை வைத்துத் தோராயமாக ஊரை அறியலாம். வீட்டை அறிய முடியாது. அந்த முகவரி குறிப்பிட்ட நொடியில் எந்தச் சந்தாதாரரிடம் இருந்தது என்பது இணையச் சேவை நிறுவனத்திற்கு மட்டுமே தெரியும். கைப்பேசித் தரவில் ஒரே முகவரியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்வதால், இணைப்பின் துறை எண்ணும் துல்லியமான நேரமும் சேர்ந்து கிடைத்தால்தான் ஆளைப் பிரித்தறிய இயலும். இங்கே ஒரு சிறு பிழை வழக்கையே திசை திருப்பிவிடும். அயல்நாட்டு நிறுவனங்களின் பதிவுகள் பல நேரங்களில் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் உள்ளது. அதைக் கணக்கில் கொள்ளாமல் கேட்டால், தொடர்பே இல்லாத ஒருவரின் பெயர் வந்து நிற்கும்.

மேக் முகவரியை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அந்த முகவரி கருவி இணைந்துள்ள உள்வலையைத் தாண்டி இணையத்திற்குள் செல்வதில்லை. கல்லூரி வளாகத்தின் வைஃபையில் அதே கருவி மீண்டும் இணைந்தால் கணினி மையம் அதைக் கவனிக்கலாம். அதற்கு அப்பால் அதனால் பயனில்லை.

‘காணவில்லை’ அன்று, ‘திருடப்பட்டது’

காவல் நிலையத்தில் முதல் போராட்டம் ஒரு சொல்லுக்காக நடக்கிறது. "காணவில்லை என்று எழுதிக் கொடுங்கள், சி.எஸ்.ஆர். போட்டுத் தருகிறோம்" என்பார்கள். சி.எஸ்.ஆர். ரசீது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று மட்டுமே. காணாமல் போனதாக எழுதிக் கொடுத்தால் குற்றமே நடக்கவில்லை என்றாகிவிடும். பூட்டிய அறையிலிருந்து போனதென்றால், பையிலிருந்து எடுக்கப்பட்டதென்றால், ‘திருடப்பட்டது’ என்றே எழுத வேண்டும்.

கைது செய்து புலனாய்வு செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு 2013 நவம்பர் 12 அன்று தீர்ப்பளித்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு வழியில் தந்தால் மூன்று நாள்களுக்குள் கையொப்பமிட வேண்டும். அறிக்கையின் நகலை உடனே கட்டணமின்றித் தர வேண்டும். ஓடும் தொடர்வண்டியில் திருட்டு நடந்தால் 139 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். வழக்கு இருப்புப்பாதைக் காவல் நிலையத்திற்குச் செல்லும்.

புதிய சட்டத்தில் நம் மாணவர்களை நேரடியாகப் பாதிக்கும் ஒரு கூறு உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவின்படி எளிய திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். ஆனால், திருடப்பட்ட பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவென்றால், நீதிமன்ற ஆணையின்றிக் காவல்துறை புலனாய்வு செய்ய முடியாத குற்றமாக அது சுருங்கிவிடுகிறது. ஏழாண்டு பழைய இலவச மடிக்கணினிக்கு என்ன விலை இருந்துவிடப் போகிறது என்று ஒரு வரியில் புகாரை முடித்துவிட இது வழிவிடுகிறது. ஏழையின் பொருள் பழையது என்பதாலேயே அவரது புகார் வலுவிழப்பது சமத்துவத்திற்கு எதிரானது.

இதற்கான விடை அதே சட்டத்தின் 305ஆம் பிரிவில் உள்ளது. மனிதர் குடியிருக்கப் பயன்படும் கட்டடத்திலோ, பொருள்களைப் பாதுகாக்கப் பயன்படும் கட்டடத்திலோ நடக்கும் திருட்டுக்கு ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பயணிகள் வாகனத்திலிருந்து பொருளைத் திருடுவதும் அதே பிரிவில் அடங்கும். 5,000 ரூபாய் வரம்பு இங்கே கிடையாது. விடுதி அறை, வாடகை வீடு, பேருந்து, தொடர்வண்டி என நம் மாணவர்கள் பொருளை இழக்கும் இடங்களில் பெரும்பாலானவை இதற்குள் வந்துவிடுகின்றன. மேலும், மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாள்களுக்கு முதற்கட்ட விசாரணை நடத்த 173(3) இடமளிக்கிறது. ஏழாண்டு வரை தண்டனையுள்ள 305 அந்த வரம்பிற்கு வெளியே நிற்கிறது. ஆகவே திருட்டு நடந்த இடத்தைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள். 305ஆம் பிரிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அதோடு தயாரிப்பு நிறுவனம், மாதிரி, சீரியல் எண், கீறல், ஒட்டியிருந்த படம், வாங்கிய விலை ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். அரசு வழங்கிய கருவியென்றால், அதைப் பெற்ற பள்ளியின் வழங்கல் பதிவேட்டு விவரத்தையும் சேருங்கள்.

பதிய மறுத்தால், புகாரின் சாரத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். மாநகரம் என்றால் காவல் ஆணையர் அலுவலகத்திற்கு. அதன் பின்னும் அசைவில்லை என்றால் 173(4), 175(3) பிரிவுகளின் கீழ் பிரமாணப் பத்திரத்தோடு குற்றவியல் நடுவரை அணுகலாம். அஞ்சல் ரசீதும் சி.எஸ்.ஆர். ரசீதும் அங்கே முக்கிய ஆவணங்கள். வழக்குச் செலவுக்கு வழியில்லாத நிலையில், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பெண்களும் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைப் பெறலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் 12ஆம் பிரிவில் இவ்வுரிமையைத் தந்துள்ளது.

தடயத்தை முகவரியாக்குதல்

அறிக்கை பதிந்தவுடன், நாம் திரட்டிய தடயங்களைப் புலனாய்வு அலுவலரிடம் எழுத்து மூலம் ஒப்படைக்க வேண்டும். ஆவணங்களையும் மின்னணுப் பதிவுகளையும் கேட்டுப் பெறும் அதிகாரம் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின்படி அவருக்கு உண்டு. மின்னஞ்சல் நிறுவனத்திடம் உள்நுழைவுப் பதிவையும், இணையச் சேவை நிறுவனத்திடம் சந்தாதாரர் விவரத்தையும், பழைய பொருள் விற்பனைத் தளத்திடம் விளம்பரம் இட்டவரின் விவரத்தையும் அவர் கேட்கலாம். அதே தகவலை நாம் கேட்டால் எந்த நிறுவனமும் தராது, தரவும் கூடாது. காலமும் முக்கியம். இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, கணினிப் பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆறு மாதம் கழித்து விழித்துக்கொள்ளும் புலனாய்வுக்குச் சில பதிவுகள் கிடைக்காமலே போகலாம். புலனாய்வின் முன்னேற்றத்தை 90 நாள்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 193ஆம் பிரிவு சொல்கிறது. அந்த 90ஆம் நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, கேளுங்கள்.

நாம் எடுத்த படங்கள் நீதிமன்றத்தில் சான்றாக வேண்டுமானால், பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் இடம்பெறும். எனவே மூலக் கோப்பை வெட்டாமல், திருத்தாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காமல் வைத்திருங்கள்.

நம் கணினி விற்பனைக்கு வந்திருப்பதை இணையத்தில் கண்டால், விற்பவரோடு பேரம் பேசவோ முன்பணம் அனுப்பவோ வேண்டாம். பக்கத்தைப் படமெடுத்து அலுவலரிடம் கொடுங்கள். திருட்டுப் பொருளென அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருப்பது நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம். நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்குக்கூட அப்பொருளின் மீது உரிமை கிடைக்காது. திருடனிடம் இல்லாத உரிமையை அவனால் விற்க முடியாது என்பதே 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் விதி. குறைந்த விலைக்குப் பழைய மடிக்கணினி வாங்கும் நம் மாணவர்களுக்கும் இது எச்சரிக்கை. திருட்டு நடந்த சில நாள்களில் அப்பொருள் எவரிடம் உள்ளதோ, அவரே திருடினார் அல்லது அறிந்தே பெற்றார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பற்றுச்சீட்டும் விற்றவரின் அடையாள நகலும் இல்லாமல் வாங்காதீர்கள்.

சந்தேகம் யார் மீது விழுகிறது

வரைபடத்தில் ஒரு புள்ளி தெரிந்ததும் நண்பர்களைத் திரட்டிக்கொண்டு அங்கே போவது பலருக்கும் வீரமாகத் தோன்றுகிறது. அந்தப் புள்ளி ஒரு கூலித் தொழிலாளர் குடியிருப்பில் விழுந்தால் என்ன நடக்கும்? எந்த வீட்டுக் கதவு முதலில் தட்டப்படும்? விடுதியில் பொருள் காணாமல் போனால் துப்புரவுப் பணியாளரின் பை முதலில் சோதிக்கப்படுவது எதனால்? திருட்டு என்ற சொல்லுக்கு இந்நாட்டில் சாதி முகம் உண்டு. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையும் பிறப்பாலேயே திருடர்கள் என்றது. 1952இல் அது நாடு முழுவதும் நீக்கப்பட்டது; அந்தப் பார்வை நீங்கவில்லை. 1993இல் கடலூர் மாவட்டம் முதனை கிராமத்தின் ராசாக்கண்ணு நகைத் திருட்டுப் பழியின் பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு, காவல் வன்முறையில் கொல்லப்பட்டார். 2025 சூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், நகை காணாமல் போன புகாரின் பேரில் விசாரணைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தாக்கப்பட்டு இறந்தார். முறையாக வழக்கே பதியாமல் விசாரணை எப்படி நடந்தது என்ற கேள்வி அப்போது எழுந்தது.

அக்கேள்விதான் இக்கட்டுரையின் மையம். முதல் தகவல் அறிக்கை இல்லாத விசாரணையில் வழக்கு எண் இல்லை, அழைப்பாணை இல்லை, நடுவரின் பார்வை இல்லை. அத்தகைய விசாரணை எந்தப் பொருளையும் சட்டப்படி மீட்டுத் தராது. ஓர் எளியவரின் உடலை மட்டும் சிதைக்கும். அறிக்கை பதிந்துவிட்டால், 35(3) பிரிவின்படி எழுத்து வடிவிலான அறிவிப்பு, 105ஆம் பிரிவின்படி சோதனையைக் காணொளியில் பதிவு செய்தல், டி.கே. பாசு வழக்கின் கைது நெறிமுறைகள் ஆகியவற்றைக் கேட்டு நிற்க நமக்கு ஒரு தளம் கிடைக்கிறது.

எனவே புகாரில் ஆதாரமின்றி எவர் பெயரையும் சந்தேகத்திற்குரியவர் என எழுதாதீர்கள். பார்த்ததை எழுதுங்கள், ஊகத்தை விட்டுவிடுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது, அச்சமூகங்களைச் சாராத ஒருவர் பொய்யான தகவலை அரசு ஊழியரிடம் தந்து தீங்கு விளைவிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(க்யூ) பிரிவின்படி குற்றம். பொய் வழக்குத் தொடுப்பது 3(1)(பி) பிரிவில் வருகிறது. விடுதியில் நடக்கும் திருட்டுக்கு ஒரு தலித் மாணவரையோ பணியாளரையோ பொய்யாகக் குற்றஞ்சாட்டினால், இப்பிரிவுகளை நாம் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

கிடைத்த பின்

கணினி மீட்கப்பட்டாலும் பல மாதங்கள் காவல் நிலைய அலமாரியில் கிடப்பதே வழக்கம். அவ்வாறு கிடக்கத் தேவையில்லை. கைப்பற்றிய பொருள்களைக் காவல் நிலையத்தில் 15 நாள்கள் முதல் ஒரு மாதத்திற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இல் கூறியது. பொருள் முன்வைக்கப்பட்ட 14 நாள்களில் அதன் விவரத்தைப் பதிந்து படமெடுத்து, அதிலிருந்து 30 நாள்களில் அதை ஒப்படைப்பது முதலான ஆணையை நீதிமன்றம் பிறப்பிக்க வேண்டும் என்று இப்போது சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவு சொல்கிறது. உரிமைச் சான்றோடு இடைக்கால ஒப்படைப்பு மனுவைத் தாக்கல் செய்யுங்கள். தேவைப்படும்போது கொண்டுவருவதாக உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம்.

கைக்கு வந்த கணினியை உடனே இணையத்தில் இணைத்து வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். அது சில காலம் யார் யாரிடமோ இருந்திருக்கிறது. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினிப் பதிவை ஆய்ந்த அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான அர்செனல் கன்சல்டிங், அவரறியாமல் தீம்பொருள் வழியே அதில் கோப்புகள் நுழைக்கப்பட்டதாக 2021இல் அறிக்கை தந்ததை நாம் மறக்கலாகாது. அங்கே கணினி திருடுபோகவில்லை. இருந்தும் உரிமையாளரறியாமல் ஒரு கணினிக்குள் எதையும் வைத்துவிட முடியும் என்பதை அவ்வறிக்கை உணர்த்தியது. எனவே பெற்றுக்கொள்ளும்போது கருவியின் நிலையை எழுத்தில் பதிவு செய்யுங்கள். வழக்குத் தொடர்பான கோப்புகளை வல்லுநர் உதவியோடு படியெடுத்த பின், இயங்குதளத்தை முழுதும் புதிதாக நிறுவுங்கள்.

இப்போதே செய்ய வேண்டியவை

இவற்றில் பெரும்பகுதி திருட்டுக்கு முன்பே செய்யப்பட வேண்டிய வேலை. சீரியல் எண்ணையும் பற்றுச்சீட்டையும் படமெடுத்து மின்னஞ்சலில் வையுங்கள். கருவியைக் கண்டறியும் வசதியை இயக்குங்கள். வன்வட்டைக் குறியாக்கம் செய்யுங்கள். வாக்குமூலங்கள் உள்ள கணினிக்கு இது விருப்பத் தேர்வன்று, கடமை. ஆய்வேட்டின் நகலை வேறோர் இடத்தில் வையுங்கள்.

ஆதிதிராவிடர் நல விடுதிகளின் மாணவர் குழுக்கள் அறைதோறும் உள்ள கணினிகளின் சீரியல் எண்களை ஒரே பதிவேட்டில் எழுதிவைக்கலாம். அதற்கு ஒரு மாலை நேரம் போதும். பூட்டுள்ள அலமாரியும் இயங்கும் கேமராவும் விடுதியின் வசதிகள் அல்ல, உரிமைகள் எனக் கோரலாம். ஏதேனும் ஒரு நாள் ஒரு தோழர் தன் கணினியை இழந்து நிற்கும்போது, அந்தப் பதிவேட்டோடும் எழுதிய புகாரோடும் நால்வர் அவரோடு காவல் நிலையம் செல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கையில் வாங்கிய பிறகே திரும்புங்கள்.